நூற்றெழுபது பேர்

கேரளத்தின் கழக்கூட்டத்தில் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப்போடும் ஜெபமலருக்கு ஒரே கோரிக்கைதான். வெளிமாநிலத் தொழிலாளர் அட்டைக்கான பதிவு முகாமை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு உண்டு. ஆனால் முகாம் நடப்பது வேலைநாளில். போனால் அன்றைய கூலி போச்சு. நாலு மனு கொடுத்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. முதலில் வந்த கட்சிக்காரர்களிடம், "எங்களுக்கெல்லாம் ஓட்டு ஊர்ல, ராதாபுரத்துல" என்று உள்ளதைச் சொன்னாள். கொடுத்த டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்துபோனார்கள்.

அடுத்து எதிர்த்தரப்பிலிருந்து கிழக்கேகோட்டை நீலகண்டன் வந்தார். தமிழர் ஓட்டுகளைத் திரட்டும் பொறுப்பு அவருடையது.

"இங்க எத்தனை பேர் இருக்கேள்?"

"நூத்தி எழுவது பேரு இருக்கோம் சாரே."

பேர் என்றுதான் சொன்னாள். அவர் ஓட்டு என்று எழுதிக்கொண்டார்.

மறுநாளே அவருடைய வேட்பாளர் ஜீப்பில் நின்று, ஜெபமலர் கேட்ட ஞாயிறு முகாமுக்குத் தான் பொறுப்பு என்று மைக்கில் முழங்கினார். முதலில் வந்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. எதிராளி மைக் கட்டிய இடத்தில் ஓட்டு இல்லாமலா இருக்கும்? சாயங்காலமே அவர்களுடைய வேட்பாளர் வந்து, மாதம் இரண்டு ஞாயிறு என்று ஏலத்தைக் கூட்டினார். இரண்டு பேச்சையும் ஜெபமலர் போனில் பிடித்துவைத்தாள்.

தமிழ்நாட்டில் ஒரு வாரம் முன்னதாகவே வாக்குப்பதிவு. எல்லோரும் ஊருக்குப் போய்த் திரும்பினார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த நீலகண்டனின் வேட்பாளரைப் பார்த்து உற்சாகமாகக் கையசைத்தார்கள். அத்தனை விரலிலும் மை!

நீலகண்டனின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா இது? என்னண்ட சொல்லப்படாதோ?"

"நீங்க ஆளைத்தான சாரே கேட்டிய? ஓட்டைக் கேக்கலியே" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க மனசு உறுத்தியது. நல்ல மனுஷர், பாவம்.

அவருடைய ஆள் தோற்றார். இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார் என்று ஜெபமலர் நினைத்திருக்க, ஒரே மாதத்தில் வந்து நின்றார்.

"அந்த வீடியோவைக் குடு. ஜெயிச்சவன் ரெண்டு ஞாயித்துக்கிழமைன்னு சொன்னானோல்லியோ? செய்ய வெக்காம விடமாட்டேன்!"

தோற்ற கட்சிக்கு வேறென்ன வேலை? வாரம் தவறாமல் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தார். ஜெபமலரும் கூடப் போனாள். மூன்றாம் மாதம் முகாம் நடந்தது. இரண்டு ஞாயிறு கிடைக்கவில்லை, ஒன்றுதான். வரிசை தெருமுனை வரை நின்றது.

நீலகண்டன் வரிசையோரமாக ஓட்டு மாற்றும் விண்ணப்பங்களை நீட்டிக்கொண்டே வந்தார். "அடுத்த தடவை இங்கதான் போடணும், கேட்டேளா?"

"போட்டுருவோம் சாரே. ஆனா ஊர்ல ரோடு கேட்டு ஒரு மனு கெடக்கு" என்றாள் ஜெபமலர். "அது முடியட்டும், யோசிப்போம்."