வாய் கட்டிய ஒன்பது பேர்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல, ஒட்டுக்கேட்டது. கேட்ட நேரத்தில் நான் செத்துக் கிடந்தேன்.

பயப்பட வேண்டாம், செத்தது கணினி விளையாட்டில். சுவிஸில் உணவகங்களில் கோப்பை கழுவியும் இறைச்சி வெட்டியும் பிழைக்கும் மட்டக்களப்பார் ஒன்பது பேர், ஊரில் இருந்தபடி ஒருத்தி, ஆகப் பத்துப் பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு படை வைத்திருக்கிறோம். புதன்கிழமை எங்களுக்கு லீவு. அன்று கூட்டமாகப் போய் ஒரு பூதத்தை அடிப்போம். அதற்குப் பெயர் ரெய்ட். என் கையால் இதுவரை எந்தப் பூதத்துக்கும் சிராய்ப்புக்கூட ஏற்பட்டதில்லை. சண்டை தொடங்கினால் முதலில் விழுகிற ஆள் நான்தான். அதனால்தான் கதை எழுதவாவது நேரம் கிடைக்கிறது.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘வாவியில் மீன்கள் பாடிக்கொண்டிருந்த அந்த’ (வெட்டு. மட்டக்களப்பைப் பற்றி எழுதினால் மீன் பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.)

‘யுத்தம் முடிந்து மூன்று வருடம் ஆகப்போகிற நேரத்தில், கடல் மறுபடியும்’ (இதுவும் வெட்டு. கதாநாயகி வரும் முன்பே வாசகரை அழவைக்கப் பார்க்கிறது.)

‘துசாந்தினி கால்மணி நேரம் முந்தியே வந்து உட்கார்ந்தாள்.’

இது நிற்கட்டும்.

3

துசாந்தினி கால்மணி நேரம் முந்தியே வந்து உட்கார்ந்தாள். (அவளுடைய உண்மையான பெயர் இது அல்ல. வேறு பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்று ஒரு நப்பாசை.) வயது இருபத்தாறு. புளியந்தீவில் அப்துல் கபூர் என்பவரின் நெற் கபேயைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். மாடியில் ஐந்து கணினிகள். யுத்தம் முடிந்த பிறகு திறந்த கடை. முன்பென்றால் பொழுது சாய்ந்ததும் ஊரே கதவடைத்துவிடும், நெற் கபேயாவது மண்ணாங்கட்டியாவது.

எங்கள் படையில் அவள் வைத்தியக்காரி. நாங்கள் அடிப்போம், அடி வாங்குவோம், அவள் ஆற்றுவாள். அவள் இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் எல்லோரும் பிணம்.

தலைவர் வினாயகமூர்த்தி மண்டூர்க்காரர், பெரிய சமையற்காரர், அதைவிடப் பெரிய கண்டிப்புக்காரர். கால்மணி நேரம் முந்தி வரவேண்டும். அவரவர் மருந்துக் குப்பியை அவரவர் கொண்டுவரவேண்டும். பூதம் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்பதை வீட்டிலேயே படித்துவிட்டு வரவேண்டும். மூன்று தரம் வராதவர் வெளியே. சண்டையின் நடுவில் எழும்பிப் போகிறவர், மூன்று தரமெல்லாம் இல்லை, அன்றைக்கே வெளியே. ரெய்டில் கேட்ட கதையை வெளியே கொண்டுபோகக்கூடாது. (இந்தக் கடைசி விதி, ஒருவர் தன் மாமியாரைப் பற்றிச் சொன்னது ஒரு வாரத்துக்குள் மாமியாருக்கே போய்ச் சேர்ந்த பிறகு போடப்பட்டது.)

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். அந்த மண்ணில் வளர்ந்த மனிதர், சண்டை தொடங்கும்போது “வாய் கட்டு” என்பார். உடனே எல்லோரும் மைக்கை மூடவேண்டும். வைத்தியக்காரியின் மைக்கும் தலைவரின் மைக்கும் மட்டும் திறந்திருக்கும். அவர் “கட்டு அவிழ்” என்று சொல்லும்வரை வாய் திறப்பவன் ஆளே இல்லை.

துசாந்தினி ஏற்கெனவே இரண்டு தரம் வராமல் விட்டிருந்தாள். இரண்டும் மின்வெட்டு. மின்சார சபையின் பாவத்தை அவள் சுமக்க முடியாது என்று நாங்கள் வாதாடினோம், தலைவர் அசையவில்லை.

4

இங்கே அவளுடைய அம்மா கண்ணகையைப் பற்றிச் சொல்லவேண்டும். இருவரும் கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருக்கிறார்கள். சுனாமி வந்த காலையில் அவளுக்குப் பதினெட்டு வயது. அம்மாவின் கையைப் பிடித்தபடி ஓடியவள், எங்கேயோ கையை விட்டுவிட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு தம்பியைச் சாகடிக்கலாம் என்று பேனா துடித்தது. அடக்கி வைத்தேன். அவளுக்குத் தம்பி இல்லை, செத்தவர்களை வைத்துக் கதைக்குக் கனம் ஏற்றவும் மனம் வரவில்லை.)

அம்மா பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. கறியில் உப்புக் கூடினாலும் சரி, கொடியில் துணி நனைந்தாலும் சரி, “விட்டுட்டு ஓடினவள்தானே நீ” என்ற ஒரு வசனத்தில் வழக்கை முடித்துவிடுவார். கொழும்பில் நல்ல வேலை இரண்டு தரம் தேடி வந்தது. இரண்டு தரமும் அந்த வசனமும் வந்தது. அவள் போகவில்லை. சண்டையின் நடுவில் எழும்பக்கூடாது என்ற விதியை, எங்கள் எல்லோரையும்விட அவள்தான் மனதார ஏற்றுக்கொண்டவள்.

5

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருந்த புதன்கிழமை. ஊரில் பகல் இரண்டு மணி கடந்திருந்தது. பூதம் பாதிக்கு மேல் இளைத்துவிட்டது, நான் வழக்கம்போல் விழுந்துவிட்டேன். அப்போது கீழே தெருவில் கூச்சல். கடலடியில் பெரிய பூமியதிர்ச்சியாம், கரையில் இருக்கிற சனம் எல்லாம் எழும்பி ஓடவேண்டுமாம்.

அவள் கை இரண்டு தரம் எங்களை ஆற்றியது. மூன்றாவது தரம் நின்றது.

“மூர்த்தியண்ணன், கடல் வருதாம். நான் அம்மாவப் பாக்கப் போறன். படையில என்ட பேர வெட்டுறதெண்டா வெட்டுங்க.”

ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். அரை நிமிடத்தில் பத்துப் பேரும் குகைத் தரையில் பிணமாகக் கிடந்தோம்.

கல்லடிப் பாலத்தை நான் பார்க்கவில்லை, அதனால் கற்பனைதான். ஒடுங்கிய பழைய பாலம். ஊர் முழுக்கக் கல்லடியிலிருந்து நகரப் பக்கம் வருகிறது. பலகாரப் பானையைத் தலையில் வைத்தபடி ஒருத்தி, மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர், ஒரு ஆடு. இவள் ஒருத்தி மட்டும் கடல் பக்கம் போகிறாள். போகாதே என்று எல்லோரும் ஏசுகிறார்கள். நெரிசலில் எதிரே வந்த ஒரு ஓட்டோவை அவள் கவனிக்கவில்லை.

அந்த ஓட்டோவில் கண்ணகை இருந்தார்.

6

இனி வருவது கற்பனை இல்லை. காதால் கேட்டது.

படிகளில் மூச்சு வாங்கும் சத்தம். மகள் எங்கே என்று கேட்கும் குரல். அவள் உங்களைத் தேடித்தான் கல்லடிக்கு ஓடினாள் என்று கடைக்காரர் கபூர் காக்கா சொல்கிறார். (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம்.) பிறகு கதிரை இழுபடுகிறது, யாரோ ஹெட்செற்றைக் கையில் எடுக்கிறார்கள்.

“ஹலோ. மகள் இஞ்ச இரிக்காளா?”

நாங்கள் வாய் கட்டியிருந்தோம். அவிழ்க்கச் சொல்லவேண்டிய தலைவரோ மண்டூரில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசி எடுக்க எழும்பிப் போயிருந்தார். (விதியைப் போட்டவரே விதியை மீறினார். இதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.)

“இதும் செத்துப் போச்சு,” என்று சொல்லிக் கண்ணகை அதை மடியில் வைத்துக்கொண்டார். மைக் திறந்தபடியே இருந்தது.

கபூர் காக்கா கீழே வண்டி நிற்கிறது, போவோம் என்றார். மகள் வராமல் எழும்பமாட்டேன் என்றார் கண்ணகை. காக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. விட்டுட்டு ஓடினவள் என்று நாள் முழுக்கத் திட்டிவிட்டு இப்போது அவளுக்காகக் காத்துக் கிடக்கிறீர்களே என்று கேட்டார்.

கண்ணகையின் குரல் தணிந்தது.

“அவள் ஓடல்ல காக்கா. கைய விடமாட்டன் எண்டு நிண்டவள். நான்தான் கைய உதறி, ஓடு எண்டு தள்ளிவிட்டன். தண்ணி இரைச்சல்ல அவளுக்குக் கேக்கல்ல. தான்தான் விட்டன் எண்டு நினைச்சிக்கொண்டிரிக்காள்.”

அப்படியென்றால் சொல்லக்கூடாதா என்று காக்கா கேட்டார்.

“சொன்னா அடுத்த பஸ்ஸில கொழும்புக்குப் போயிருவாள். மறுகா எனக்கு ஆரு இரிக்கா?”

அலை வரவில்லை. துசாந்தினிதான் வந்தாள், மூச்சிரைக்க. கண்ணகை சட்டென்று குரலை மாற்றிக்கொண்டார். கடல் வருதெண்டால் மேட்டுக்கு ஓடவேண்டும், நீ கடலுக்கே ஓடியிருக்கிறாயே, புத்தி இருக்கிறதா என்று ஏசத் தொடங்கினார். ஏச்சின் நடுவே அழுகையும் வந்தது. அவருடைய அழுகையா, மகளின் அழுகையா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

தலைவர் திரும்பி வந்து “கட்டு அவிழ்” என்றார். ஒருவரும் பேசவில்லை. கேட்டதை அன்றிரவுதான் அவருக்குச் சொன்னோம்.

7

முடிவுகள்.

(அ) படை கூடித் துசாந்தினியை வெட்டியது. இது பொய். தலைவர் விதியின் கீழே ‘கடல் வந்தால் மட்டும் எழும்பலாம்’ என்று சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

(ஆ) யாரோ ஒருவர் அவளிடம் உண்மையைச் சொன்னார், தாயும் மகளும் கட்டிப்பிடித்து (இந்த வசனத்தை முடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

(இ) ஒருவரும் சொல்லவில்லை. இதுவரை நடந்தது இதுதான்.

போன புதன்கிழமை அவள் கால்மணி நேரம் முந்தியே வந்தாள். கொழும்பில் மூன்றாவது தரமாக வேலை வந்திருக்கிறதாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். “அம்மாவ இன்னொருக்கா விட்டுட்டுப் போக ஏலாதண்ணன்,” என்றாள். பூதம் இன்னும் வரவில்லை, தலைவர் “வாய் கட்டு” என்று சொல்லவும் இல்லை. இருந்தும் ஒன்பது மைக்கும் மூடிக்கொண்டன.

நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் நான் விதியை மீறிவிட்டேன், என்னை அவர்கள் வெட்டத்தான் வேண்டும். அவள் கதைப் புத்தகம் வாசிப்பவள் அல்ல. ஆக, விதியையும் மீறி, அவளுக்கும் சொல்லாமல் விட்டவன் நான்; இதைவிடக் கோழைத்தனம் வேறு இல்லை. ஒரு வசனம் எழுதி வைத்திருக்கிறேன்: ‘தங்கச்சி, அண்டைக்கு உங்கட அம்மா’

அதற்கு மேல் கை ஓடவில்லை. பெற்றவள் தனிமைக்குப் பயந்து மறைத்ததைப் போட்டு உடைக்க நான் யார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் துசாந்தினியின் பேச்சு நினைவுக்கு வந்து என் மேலேயே கோபம் வருகிறது.

பத்துப் பேருக்குத்தான் இடம். என் இடம் காலியாகிறது, அதை உங்களுக்குத் தருகிறேன். முதல் ஆளாக விழுந்தாலும் யாரும் ஏசமாட்டார்கள், பழகிவிட்டார்கள். விதிகள் உங்களுக்குத் தெரியும், கண்ணகை சொன்னதும் தெரியும். திங்கட்கிழமைக்கு முன்பாக, சனிக்கிழமை மேலதிகமாக ஒரு ரெய்ட் வைத்திருக்கிறோம். பகல் ஒன்றே முக்காலுக்குத் துசாந்தினி வந்து உட்காருவாள். மைக்கைத் திறப்பதா, மூடியே வைப்பதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.