மூன்று பத்து

ஐந்து மாதங்களுக்கு முன்பு காய்ச்சலில் செபாஸ்டியன் கண்ணை மூடியபோது, இசபெல்லாவுக்கு மிஞ்சியவை இரண்டு பிள்ளைகளும், ஒரு செபமாலையும், செமோர் ஸ்டேஷனுக்குத் தெற்கே அவன் காவல் காத்த ரயில் கேட்டும்தான். கேட்டை ஒட்டிய ஒற்றை அறை வீடு வேலைக்காரனுக்கு உரியது. வேறு ஆள் கிடைக்கும்வரை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் இரக்கப்பட்டு விட்டுவைத்திருந்தார். ஆள் வந்துவிட்டால் பழையபடி ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயம்தான். அங்கே போனால் எட்டு வயது எல்ஸி பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டுப் புல்வெட்டப் போவாள். 

முதலில் அவள் செபமாலை சொன்னது அழுகையை அடக்கத்தான். செமோரில் வண்டி கிளம்பினால் கேட் வீட்டுச் சுவரில் மணி அடிக்கும். உடனே கேட்டைச் சாத்துவாள், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செபத்தை ஆரம்பிப்பாள். மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் பத்துத் தடவை சொன்னால் ஒரு பத்து. சில நாளில் ஒன்று கவனித்தாள். மூன்றாம் பத்து முடிகிற சமயத்துக்குப் பயணிகள் வண்டி வளைவில் தலைகாட்டிவிடும். சரக்கு வண்டி என்றால் நான்கு பத்து. மாதாவே பார்த்துத் தனக்கு ஓர் உத்தியோகம் போட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. புருஷன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பொம்பிளை கேட் காப்பது சரிப்படுமா என்று பார்த்து எழுதிக்கொடுப்பது அவர் வேலை. பார்ப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட்ட முகம் அவருக்கு.

“மணிக்கூடு பார்க்கத் தெரியுமோ?”

“தெரியாதுங்க ஐயா.”

“பிறகு வண்டி வாற நேரம் எப்படித் தெரியும்?”

செபமாலையைக் காட்டி விவரம் சொன்னாள். கிராணி சிரித்தார். “சாமி கும்பிட்டு ரயில் நடத்தேலாது, பிள்ளை” என்றபடி பேனாவைத் திறந்தார். இசபெல்லாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பேனா போன வேகத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

அவர் திரும்பிப் போகக் காரில் ஏறவும் மணி அடித்தது. ஓடிப்போய்க் காரின் மூக்குக்கு முன்னால் கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டினாள். ஒரு பத்து முடிந்து, அடுத்த பத்தில் ஆறாவது மந்திரம் சொல்லும்போது ஒற்றை எஞ்சின் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு கடந்து போனது.

“போயிட்டுதே. திற.”

“இது இல்லீங்க ஐயா. மணி அடிச்ச வண்டி இன்னும் வரல.”

“நான் கண்ணால பார்த்தனே.”

“நானும் பாத்தேன். எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. ஆனா ஒன்றரைப் பத்துதான் ஆயிருக்கு. மூணு பத்துக்கு முன்னால இந்த நேரத்து வண்டி என்னைக்கும் வந்ததில்ல.”

கிராணிக்கு முகம் சிவந்தது. “திறக்காட்டி இண்டைக்கே நீ சாமான் கட்டவேண்டி வரும்.”

அவள் கை தானாகச் சங்கிலிக்குப் போனது. பொய் சொல்வானேன், கொக்கியைப் பாதி கழற்றியும்விட்டாள். வாசலில் தம்பி பாஸ்கலை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்ஸி பார்த்துக்கொண்டு நின்றாள். காருக்குள்ளே இருக்கிறவரையும் யாரோ ஒரு பிள்ளை வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் என்று இசபெல்லாவுக்குத் தோன்றியது. கொக்கியைத் திரும்ப மாட்டினாள்.

“கட்டுறேன் ஐயா. வண்டி போவட்டும், அப்புறம் கட்டுறேன்.”

விட்ட இடத்திலிருந்து உரக்கச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு மந்திரத்தின் பின்பாதியையும் வாசலிலிருந்து எல்ஸி சொன்னாள். கிராணி காரிலிருந்து இறங்கி, கேட்டைத் தானே திறக்கிற வேகத்தில் வந்தார். மூன்றாம் பத்தில் எட்டாவது மந்திரம். தண்டவாளம் முனகியது. பத்து முடியவும் கல்லுமலை வளைவைச் சுற்றிக்கொண்டு ஏழு பெட்டிகளோடு வண்டி வந்தது. அவருடைய கையிலிருந்த காகிதம் காற்றில் படபடத்தது.

கடைசிப் பெட்டியும் போனதும் இசபெல்லா சரளைக்கல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். ஐந்து மாதம் அடக்கியதெல்லாம் வந்துவிட்டது, அதோடு பயமும் போய்விட்டது.  கேட்டைத் திறந்திருந்தால் கார் ஏறியிருக்கும் தண்டவாளத்தையே கிராணி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார்.

“மெயில் வண்டிக்கு எத்தினை பத்து?”

“ரெண்டேகாலுங்க ஐயா.”

அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஒற்றை எஞ்சின் கல்லுடைப்புக் கிளைப்பாதையிலிருந்து யாருடைய தவறாலோ வந்தது என்று பிறகு தெரிந்தது. அடுத்த மாதம் இசபெல்லாவின் பேரிலேயே வேலை உத்தரவு வந்தது. கூடவே ஒரு சுவர்க்கடிகாரமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் மணி பார்க்கக் கற்றிருந்த எல்ஸி ஒரு வாரம் அதைக் கவனித்துவிட்டு, “அம்மா, இது நாலு பிரியதத்தம் பின்னால ஓடுது” என்றாள்.

இசபெல்லா முக்காலி போட்டு ஏறி, மகள் சொன்ன அளவுக்கு முள்ளை முன்னே தள்ளிவைத்தாள்.