புது ரேட்டு

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கும்போது பேச முடியாது. அன்று காலை அனுப்பர்பாளையத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நின்று, நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்த பெண்ணின் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்த வேல்விழிக்கு அது வசதியாக இருந்தது. சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இடது புருவம் முடிந்து வலது புருவமும் முடிந்தது. பவுடரைத் தட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு வழக்கம்போலப் பதினைந்து ரூபாயை நீட்டினாள். வேல்விழி வாங்கிக்கொண்டு, "வர்றேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனப்பாடம் செய்த வாக்கியம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, கல்யாணமான கையோடு முனீஸுடன் திருப்பூருக்கு வந்தவள் அவள். முனீஸ் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவளும் அங்கேயே செக்கிங்கில் இருந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகவில்லை. மழைக்காலத்தில் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு பியூட்டிஷியன் கோர்ஸ் படித்தாள். கடை போடுவதற்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லை. பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பார்லருக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், மாமியாரிடம் சொல்லிக்கொண்டு வெளியே கிளம்புவதே பெரும்பாடு என்று இருப்பவர்கள் எல்லோருக்கும் அவள் வந்துபோவது பிடித்திருந்தது. ஆரம்பித்த நாளில் சொன்ன ரேட்டுதான் இன்றுவரை. பெட்ரோல் ஏறியபோது கூடுதலாக ஒரு வீட்டுக்குப் போனாள். க்ரீம் விலை ஏறியபோது இன்னொரு வீடு. இப்படியே ஏறி ஏறி, இப்போது வலது கை கட்டைவிரல் மடங்க மறுத்தது. காலையில் தோசைக்கரண்டியைப் பிடிக்க முடியாமல் இடது கையால் தோசையைத் திருப்பிப்போடுவதை முனீஸ் இரண்டு மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டக் கொறைக்கணும், இல்ல ரேட்டக் கூட்டணும். ரெண்டயும் சேத்தே செய்யி. கை போச்சுன்னா எந்த வீட்டுக்குப் போவ?" என்றான்.

அவன் சொல்வது சரிதான். ஆனால் அவனுக்கென்ன, சம்பளத்தைக் கூட்டிக் கேட்பதற்கு யூனியன் இருக்கிறது, ஊரே சேர்ந்து கேட்கும். இவள் ஒரு முகத்துக்கு நேராக நின்று, அந்த முகத்தையே தொட்டுக்கொண்டு கேட்க வேண்டும்.

அன்று மதியம் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சேட்டு வீட்டில்தான் அந்த வாக்கியம் முதன்முதலாக வெளியே வந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்கு ஹிந்தி அதைவிட அரைகுறை என்பதால் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. த்ரெட்டிங் இருபத்தைந்து, ஃபேஷியல் இருநூற்றைம்பது என்று விரலைக் காட்டிச் சொன்னாள். அந்த அம்மா ஒரு பேச்சுக்குக் குறைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, புது ரேட்டையே எடுத்துக் கொடுத்து, குடிக்க மோரும் கொடுத்தாள். படியிறங்கும்போது வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது.

எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. "பாக்கலாங்க" என்றவர்கள் பிறகு கூப்பிடவில்லை. பெருமாநல்லூரில் ஒரு தெருவே மொத்தமாக வேறு ஆள் பிடித்துக்கொண்டது. அந்தத் தெருவைக் கடந்து போகும்போது இரண்டு நாள் வலித்தது, பிறகு பழகிவிட்டது. மாதக் கடைசியில் பார்த்தால் வருமானம் குறையவில்லை, வீடுகள்தான் குறைந்திருந்தன. மதியம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட முடிந்தது. கட்டைவிரல் மெல்ல மடங்க ஆரம்பித்தது.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அவள் ரேட்டைச் சொல்லவேயில்லை. அது கண்ணம்மாள் வீடு.

வேல்விழி கோர்ஸ் முடித்துவிட்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்ற நாட்களில் தன் முகத்தை முதலில் நம்பிக் கொடுத்தவள் கண்ணம்மாள். அன்று பதற்றத்தில் ஒரு புருவத்தை மெலிதாக்கிவிட்டாள் வேல்விழி. கண்ணம்மாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "முடிதானே, மொளச்சுக்கும்" என்றாள். அதோடு நிற்காமல் சொந்தத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, ஊட்டுக்கே வந்து செய்யற புள்ளை ஒண்ணு இருக்குது என்று சொன்னாள். தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டிய குடும்பம். அவள் கணவர் மருதாசலம் தறியை விற்றுவிட்டு எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனி வைத்து நல்லபடியாக இருந்தார். அந்த வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது வேல்விழிக்குப் பெற்றவளிடம் கூலி கேட்பதுபோல இருந்தது. பழைய ரேட்டையே வாங்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

ஆவணியில் கண்ணம்மாளின் மகள் சண்முகப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். முந்தின நாள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் செய்துவிட வேல்விழியை வரச் சொல்லியிருந்தாள் கண்ணம்மாள். முருகன் படம் மாட்டிய பெரிய அறையில் சொந்தக்காரப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தன் முறைக்குக் காத்திருந்த நஞ்சம்மாள், மருதாசலத்தின் தங்கை, விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஃபேஷியலுக்கு எரநூத்தம்பதாக்கிப் போட்டா இந்தப் புள்ள. ஏனுங் அண்ணி, உங்ககிட்டயும் அதேதானுங்களா?"

வேல்விழியின் விரல்களில் நூல் நின்றுவிட்டது. கண்ணம்மாள் மடியிலிருந்த பூவைப் பார்த்தபடியே, "அதேதான். எல்லாமே வெல ஏறிப்போச்சல்லோ" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு கண்ணம்மாள் வேல்விழியின் பக்கமே திரும்பவில்லை.

வேல்விழி எல்லோருக்கும் முடித்துவிட்டு மூட்டை கட்டும்போது, கண்ணம்மாள் அவளை உள் அறைக்கு வரச் சொல்லி அழைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"யாரு கண்ணு சொன்னாங்க உனக்கு?"

என்ன கேட்கிறாள் என்று வேல்விழிக்குப் புரியவில்லை.

"கம்பெனி வெசயம். ஊரெல்லாம் ஏத்திப்போட்டு எனக்கு மட்டும் பழைய ரேட்டு வாங்கறயே. கேள்விப்பட்டுத்தானே?"

பிறகு, கேட்காமலேயே எல்லாம் கொட்டியது. டாலர் விழுந்ததிலிருந்து தைக்கிற ஒவ்வொரு பீஸிலும் நட்டம். பாதி மெஷின் ஓடவில்லை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் இன்னும் பழைய விலையைத்தான் தருகிறார். தன் நகையில் பாதி பேங்கில் அடகில் இருப்பது சண்முகப்பிரியாவுக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காதில் விழுந்தால் நாளைக்குத் தட்டு மாற்றுவார்களா என்று அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. சொல்லும்போது கண்ணம்மாள் அழவில்லை. கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

வேல்விழி வேகமாகத் தலையசைத்து மறுத்தாள். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. உங்ககிட்டக் கேக்க எனக்கு வாய் வரல, அம்புட்டுத்தான். எனக்கு மொத வீடே இதுதானே" என்றாள்.

கண்ணம்மாள் அவளையே பார்த்தாள். நிஜமா என்று தேடுகிற பார்வை. மெதுவாக முகம் தளர்ந்தது.

"எங்கூட்டுக்காரரும் இதையேதான் சொல்றாரு. அந்தப் பையரு மொதமொதல்ல ஆர்டர் கொடுத்த மனுசனாமா, வெல கூட்டிக் கேக்க வாய் வர்லயாமா. ரெண்டு பேரும் நல்லாப் பொழைச்சீங்க போ."

பர்ஸைத் திறந்து, தனக்கும் மகளுக்கும் புது ரேட்டுப்படி எடுத்து நீட்டினாள். வேல்விழியின் கை எழவில்லை. இத்தனை கஷ்டத்தையும் கேட்டுவிட்டு எப்படி வாங்குவது. பழையபடியே கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இதை வாங்கலீன்னா உன்னைய இனி என்னால கூப்படவே முடியாது கண்ணு" என்றாள் கண்ணம்மாள்.

வேல்விழி வாங்கிக்கொண்டாள். பையில் வைக்கும்போது கண்ணம்மாள் முதுகை நிமிர்த்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்தாள். வாங்கியது நல்லதுதான் என்று தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய் முனீஸிடம்கூடக் கம்பெனி விஷயத்தைச் சொல்லவில்லை. வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. தையில் கல்யாணம் என்று பேசினார்கள். மாதம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணம்மாள் அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டாள். ஏன் என்று வேல்விழி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் வேறு ஒன்றைச் சொன்னாள். தீபாவளி முடிந்த வாரம், முகத்தில் க்ரீம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கண்ணை மூடியபடியே, "பையர்கிட்ட வெல கூட்டிக் கேட்டுப்போட்டாரு கண்ணு. பதிலு இன்னும் வர்ல" என்றாள்.

நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு என்று வேல்விழியின் விரல்கள் இறங்கின. அடுத்துப் போகவேண்டிய வீடு என்று அன்றைக்கு எதுவுமில்லை. முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி முடிப்பதற்குள் கண்ணம்மாள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து மெல்லிய குறட்டை வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருதாசலம் கையில் செல்போனோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வேகமாக அறைக்கு வந்தவர், கட்டிலில் மண் பூசிய முகத்தோடு தூங்கும் மனைவியைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"எழுப்பவாங்கய்யா?" என்று வேல்விழி மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாங் கண்ணு. தூங்கட்டும். பதிலு வந்திருக்குது, எந்திரிச்சப்பறம் சொல்லிக்கறேன்" என்றார். போக மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

வேல்விழி மின்விசிறியைக் குறைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணம்மாளின் முகத்தில் மண் காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வாயோரத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடி, கன்னம்வரை போய் நின்றது.