இழுக்காத பெட்டி

வெட்டிய மண் உடனே விழுந்துவிடாது. உள்ளேயிருக்கும் ஈரம் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தும். எவ்வளவு நேரம் என்றுதான் யாராலும் சொல்லமுடியாது. அதனால் ஆழமான சாக்கடைப் பள்ளத்தில் இரும்புப் பெட்டி ஒன்றை இறக்குவார்கள். பெட்டி என்றாலும் மூடியோ அடியோ கிடையாது. இரண்டு பக்கமும் கனத்த தகடுகள், அவை நெருங்கிவிடாமல் நடுவே முட்டுக்கம்பிகள், அவ்வளவுதான். குழாய் பதிப்பவர் அதற்குள் நின்றே வேலை செய்யவேண்டும். ஒரு குழாய் முடிந்ததும் பொக்லைன் ஓட்டுநர் பெட்டியைச் சங்கிலியால் இழுத்து முன்னே நகர்த்துவார்.

அன்று கீழே நின்றவன் ஓட்டுநரின் மனைவிக்குத் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

பதித்த குழாயின் வாய் பெட்டிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த குழாயை அதில்தான் இணைக்கவேண்டும். பெட்டியை இழுக்கும்படி தம்பி சைகை காட்டினான். ஆனால் அடுத்த குழாய் ஏற்கெனவே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி, சங்கிலியைப் பெட்டிக்கு மாட்டி, திரும்பவும் குழாயைத் தூக்கவேண்டும். எல்லோருக்கும் பசி.

ஓட்டுநர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, பெட்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா? ஒரு எட்டு வெளிய வந்து குழாய மாட்டிட்டுப் போ."

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா வந்து கையைப் பிடித்தால்தான் மாப்பிள்ளை நடப்பார் என்றார் ஒருவர். ஓட்டுநரும் சிரித்தார். தம்பி வெளியே காலை வைத்தான்.

மண் சத்தமே போடாமல் சரிந்தது. அவன் பின்னோக்கிப் பெட்டிக்குள் சாய்ந்ததில் மார்பு தப்பியது. தொடைவரை புதைந்துவிட்டான்.

தொடைவரைதானே என்று தோன்றும். ஈர மண் காலைச் சுற்றி இறுகிவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் விடாது, மூட்டுதான் கழன்று வரும். பொக்லைனால் தோண்டவும் கூடாது. பக்கெட்டின் பற்களுக்கு மண் எது, கால் எது என்று தெரியாது. இயந்திரத்தின் அதிர்வில் மிச்ச மண்சுவரும் இறங்கும். புதிதாக வருபவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவரே ஓட்டுநர்தான்.

குழாயைத் தள்ளி வைத்து எஞ்சினை அணைத்தார். மற்றவர்கள் பலகைகளை இறக்கிச் சுவருக்கு முட்டுக்கொடுக்க, அவர் ஏணியில் பெட்டிக்குள் இறங்கிக் கையால் மண்ணை அள்ளத் தொடங்கினார். அவர் பள்ளத்தின் அடியில் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. அங்கிருந்து பார்க்கையில் கேபின் எங்கோ உயரத்தில் இருந்தது.

"மெதுவா மாமா. விரல் அசையுது, பயப்படாதீங்க," என்றான் தம்பி.

அவன் தனக்கு ஆறுதல் சொல்வதைக் கேட்க முடியாமல் ஓட்டுநர் இன்னும் வேகமாக அள்ளினார். நகம் பிய்ந்தது தெரியவில்லை.

எலும்பு முறியவில்லை, முட்டிதான் வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். ஓட்டுநரின் மனைவி ஓடிவந்தாள். அவசரத்தில் தானே வெளியே வந்துவிட்டதாகத் தம்பி முந்திக்கொண்டு சொன்னான். அவள் அவனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு கணவனின் கைகளைப் பார்த்து, ஒரு துணியை நனைத்துவந்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா இவன் என்ன ஆயிருப்பான்?"

கட்டிலில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். ஓட்டுநர் கையை இழுத்துக்கொண்டார்.

"அவன் பெட்டிய இழுக்கத்தான் சொன்னான். நான்தான் எல்லார் முன்னாடியும் கேலி பண்ணி வெளிய வரவெச்சேன்."

அவள் துணியை அவர் மடியில் போட்டுவிட்டு, தம்பியின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.