வழியில் நின்றதுண்டா

ஒன்பது, எட்டு, ஏழு என்று திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன, ஏசியை நிறுத்தியாயிற்று, கண்ணாடிகளை இறக்கியாயிற்று, வெள்ளகோவிலுக்கு முந்தைய வெயில் முகத்தில் அறைகிறது, பட்டு வேட்டி தொடையோடு ஒட்டிக்கொள்கிறது, பின்சீட்டில் சீர்த்தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கின்றன, பக்கத்தில் என் மனைவி ரேணுகா பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் வருகிறாள், அவள் சொல்ல வேண்டியதை நேற்றே சொல்லிவிட்டாள், ஏனுங்க, பஸ்ஸுல போயிரலாமுங்க, தாய்மாமன் நேரத்துக்குப் போகோணுமில்ல என்றாள், நான்தான் சிரித்தேன், இந்தக் கார் இருக்கும்போது பஸ்ஸா என்றேன், கார் இருந்தது, சார்ஜ்தான் இல்லை, முந்தின நாள் மாதாந்திர மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று பேப்பரில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை, சாயங்காலம் கரண்ட் வந்தபிறகாவது செருகியிருக்கலாம், அதற்குள் சகலை குழந்தைவேல் தன் டீசல் வண்டியோடு வந்துவிட்டார், போர்டிகோவை அவருக்குக் கொடுத்துவிட்டு என் காரைத் தெருவில் நிறுத்தினேன், தெருவரை ஒயர் எட்டவில்லை. காலையில் ஐம்பத்தெட்டு காட்டியது, பல்லடத்தில் நாற்பது நிமிஷம் போட்டுக்கொண்டால் தாராளமாகப் போகலாம், பல்லடம் வந்தது, சார்ஜ் போடும் இடத்தின் பச்சைப் பலகையும் வந்தது, எனக்கு முன்னால் சகலையின் கை ஜன்னலுக்கு வெளியே ஆடியது, புறப்படும்போது அவர் கேட்டது காதில் ஒலித்தது, ஏனுங் சகலை, உங்க காரு செல்போனாட்டம் ஓரமா நின்னு சார்ஜ் ஏத்திக்கிட்டுத்தான வரோணும், நாங்க முன்னால போயிப் பந்தியில எடம் போட்டு வெக்கட்டுங்களா. பச்சைப் பலகையைத் தாண்டினேன், அவரையும் தாண்டினேன், நூற்றுப் பத்தில் போனேன், அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு சார்ஜ் இறங்க இறங்க வேகத்தைக் குறைத்தேன், அவர் என்னைத் தாண்டிப் போனார், வண்டி நின்றபோது மணி ஒன்பதே கால், அவரைத் திரும்பக் கூப்பிடக் கூச்சம், ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம், கோயிலோ கரூர்ப் பக்கம், போன் அடிக்கிறது, என் தங்கை சுகந்தி, அவள் பெண் மகிழினிக்குத்தான் காது குத்து, குழந்தை உட்கார வேண்டிய மடி என்னுடையது, அண்ணா எங்க வந்திட்டிருக்கற, பூசாரி அவசரப்படுத்தறாரு என்கிறாள், பின்னால் மேளம் கேட்கிறது, சார்ஜ் போடாமல் வந்துவிட்டேன் கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன், பேட்டரி பழுதாயிருச்சு கண்ணு, திடீர்னு நின்னு போச்சு என்றுதான் வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, ரேணுகா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள், அவ்வளவுதான். பால் வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு, குழந்தை எங்கள் சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, அழுது ஓய்ந்து, தூங்கியும் விட்டிருந்தது, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, சுகந்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள், நீ என்ன பண்ணுவ அண்ணா, அந்தச் சனியன் புடிச்ச வண்டி பண்ணுன வேலை என்றாள், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன், சீர்த்தட்டுகளைக் காலியாகிக்கொண்டிருந்த பந்தலில் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தக் கார் அதற்கு முன்னும் பின்னும் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை, மழையில், ரேணுகாவின் ஆபரேஷனுக்கு, வால்பாறை ஏற்றத்தில், சொன்னபடி போய்ச் சொன்னபடி வந்தது, அதன் மேல் பழி போட்டதோடு நிற்காமல், யாராவது கேட்டால் அதன் பேட்டரியைப் பற்றிக் குறை சொல்லவும் பழகிக்கொண்டேன், பொய்யை ஒரு தடவை சொன்னால் போதாது, பராமரிக்க வேண்டியிருக்கிறது. எட்டு வருஷ வாரண்டி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சர்வீஸுக்கு விட்டேன், மெக்கானிக் லத்தீஃப் கணினியைப் பார்த்துவிட்டு, சார், பேட்டரி தெம்பு நூத்துக்கு எண்பத்தொம்பது இருக்குதுங்க, இன்னும் ஏழெட்டு வருசம் அசையாதுங்க, வாரண்டி முடிஞ்சா என்னங்க, தைரியமா வெச்சுக்கங்க என்றார், எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வைத்துக்கொள்ளத்தான் ஆசை, ஆனால் சுகந்தி இரண்டு மாதமாக போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள், வாரண்டி இருக்கறப்பவே தள்ளி உட்ரு அண்ணா, அப்பறம் நட்ட நடு ரோட்டுல நின்னுட்டா யாரு வருவாங்க, தன் பிள்ளையை அவள் அந்தக் காரில் இன்றுவரை ஏற்றியதில்லை, அதை வைத்துக்கொள்கிறேன் என்றால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும், விற்றுவிட்டால் கார் போகும், கூடவே பொய்யும் யார் வீட்டுப் போர்டிகோவிலாவது போய் நின்றுகொள்ளும், இப்படித்தான் யோசித்தேன், ஐம்பத்தொரு வயது ஆள் யோசிக்கிற யோசனையா இது, விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தேன்.

இன்று காலை பொள்ளாச்சியிலிருந்து ஞானசேகரன் வந்திருக்கிறார், வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு டயரைக் குனிந்து பார்க்கிறார், நல்ல மனிதர், முந்தின நாள் போனில் இவரிடம் எட்டு வருஷத்தில் ஒருநாளும் பழுதாகி வழியில் நின்றதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன், அது சத்தியம், அதே வாயால் தங்கையிடம் சொன்னது பொய், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்காதவரை எனக்குக் கவலையில்லை, அப்போதுதான் கேட் திறக்கிறது, கரூரிலிருந்து விசேஷ வீட்டுக்குக் கோவை வந்த சுகந்தி மகிழினியோடு உள்ளே வருகிறாள், குழந்தை என்ன குழந்தை, ஆறு வயதாகிறது, நேரே காரிடம் போய்க் கதவைத் தடவிப் பார்க்கிறாள், சுகந்தி ஞானசேகரனைக் கண்டதும் வணக்கம் வைக்கிறாள், வாங்கறவங்களாண்ணா என்று என்னைக் கேட்கிறாள், ஞானசேகரன் நிமிர்ந்து, வண்டி சுத்தமா இருக்குதுங்க, ஒண்ணே ஒண்ணுதான், வழியில எங்கயாவது நின்னதுண்டான்னு இன்னொருக்காக் கேட்டுக்கறேன், வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி உண்டுங்க, நடுவழியில நின்னா நான் தனி ஆளுங்க என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி சொல்லிவிட்டாள், ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, அண்ணனுக்குச் சொல்லக் கூச்சமா இருக்கும், நோவாளிய ஏத்தறீங்கன்னதால சொல்றேன், அஞ்சு வருசத்துக்கு முந்தி பேட்டரி பழுதாகி ரோட்டுலயே நின்னுருச்சுங்க, அதனால எம்புள்ள காது குத்துக்கே எங்கண்ணனால நேரத்துக்கு வர முடியல. ஞானசேகரன் என்னைப் பார்க்கிறார், கோபமாகக்கூட இல்லை, பள்ளிக்கூடத்தில் காப்பியடித்தவனைப் பார்க்கிற பார்வை, ரேணுகா வீட்டு வாசலில் காபித் தட்டோடு நிற்கிறாள், அவளும் என்னைத்தான் பார்க்கிறாள், அன்றைக்கு ரோட்டில் திரும்பிப் பார்த்த அதே பார்வை.

பேட்டரி பழுதாகலைங்க, நான் சார்ஜ் போடல, என்றேன். அவரைப் பார்த்துச் சொன்னேன், தங்கையைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, பல்லடத்துல போட்டிருக்கலாம், சகலை சிரிப்பாருன்னு போடல, வேகமா வேற ஓட்டுனேன், வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஞானசேகரன் மெல்ல, நான் அப்பறம் போன் பண்றனுங்க என்று செருப்பை மாட்டிக்கொண்டார், பண்ண மாட்டார், விக்கிறதா இல்லீங்க, மன்னிச்சுக்கங்க என்று நானே கேட் வரை போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினேன், சுகந்தி நின்ற இடத்திலேயே நின்றாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. அன்னிக்குப் பந்தியில என்ற மாமியா எல்லாரு முன்னாலயும் கேட்டாங்கண்ணா, அக்கறையிருக்கற தாய்மாமன் முந்தின நாளே வந்திருப்பானேன்னு, நான் இவ தலையில கைய வெச்சுச் சத்தியம் பண்ணுனேன், எங்கண்ணன் மேல தப்பில்லீங்க, வண்டிதானுங்க பழுதுன்னு. அவள் நிறுத்தவில்லை, போன ஐப்பசியில இவளுக்கு ஜன்னி கண்டு மூணு நாள் கண்ணு முழிக்காமக் கெடந்தப்ப, நான் எந்தப் பொய்ச் சத்தியமும் பண்ணுனதில்ல, எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அதையே சொல்லிச் சொல்லித்தாண்ணா உக்காந்திருந்தேன். மகிழினி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், அவள் காதில் சின்னத் தோடு, அந்தக் காதையும் அந்தத் தலையையும் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன், எனக்கு அழுகை வந்தது, அழுதால் அவள் மனம் இளகிவிடுவாளே, அதுவும் ஒரு ஏமாற்று வேலை என்று தோன்றி அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அவள், வண்டிய வித்தா வித்துக்க, வெச்சா வெச்சுக்க, ஆனா என்ற மாமியாகிட்ட நீயே வந்து சொல்லோணும், இன்னிக்கே, என்றாள். சரி கண்ணு, டாக்ஸி சொல்லட்டுமா என்றேன். எதுக்கு, இதுலயே போலாம், என்று கார்ப் பின்கதவைத் திறந்து மகிழினியை ஏற்றினாள், தானும் ஏறி உட்கார்ந்தாள், நான் சாவியோடு முன்னால் போய் உட்கார்ந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, கரூர் வரைக்கும் சார்ஜ் இருக்குதா. போதும் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பத்தாது கண்ணு, என்றேன்.

அப்பப் போடு, நாங்க எறங்கல, என்றாள்.