ஐந்து ஓட்டை, சத்தம் இல்லை

முத்துவீரன் துப்பாக்கியால் சுட்டால் குண்டு உடனே போய்விடும், சத்தம் மட்டும் பிறகு வரும். சில வேளை அன்று மாலையே வரும், சில வேளை எட்டு மாதம் கழித்து வரும். போர்ட் பிளேரில் இது இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மழைக்காலத்தில் கப்பல் பிந்துவதைப் பேசுகிற மாதிரிதான் இதையும் பேசுகிறார்கள். ஆனால் 2011 பிப்ரவரியில் முதன்முதலாக நடந்தபோது யாருக்கும் தெரியாது, முத்துவீரனுக்கே தெரியாது.

அப்போது அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. தீவுக் காவற்படையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் வெறும் காவலன். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். அதே கப்பலில் வந்து, அதே வரிசை வீட்டில் வளர்ந்து, அதே நாளில் படையில் சேர்ந்தவன் அழகையா, இரண்டு வயது மூத்தவன். அவன் கையிலும் பட்டை இல்லை. ஹெட் கான்ஸ்டபிள் பட்டை வேண்டுமானால் வருடாந்திர சுடுதலில் ஐந்து தோட்டாவில் மூன்றையாவது வட்டத்துக்குள் போட வேண்டும். அழகையா வருடம் தவறாமல் சுட்டு, வருடம் தவறாமல் மண்மேட்டைத்தான் துளைத்தான், பாவம், கை நடுக்கம். முத்துவீரனுக்கோ சுடுகிற வாரம் வந்தாலே எங்காவது ஒரு தீவில் டியூட்டி விழுந்துவிடும். அந்த வருடம்தான் பட்டியலில் அவன் பெயர் ஒழுங்காக வந்தது. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் விளக்குமாற்றைத் தோளில் இடுக்கி, சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்து மூச்சடக்கி ஒரு மாதம் பழகினான். பொட்டு அவன் மனைவி தமிழரசியுடையது. பட்டை வந்தால் புதுப் பொட்டு அட்டை வாங்கித் தந்துவிட வேண்டும் என்று அவள் நிபந்தனை போட்டிருந்தாள்.

புரோத்ராபூருக்குப் பின்னால், மண்மேட்டைப் பார்த்த மைதானம். காலை ஏழு மணிக்கு இரண்டிரண்டு பேராகக் குப்புறப் படுத்தார்கள். முத்துவீரனுக்கு வலப்பக்கம் அழகையா. உஸ்தாத் என்று எல்லாரும் அழைக்கும் பயிற்சியாளர் விசில் ஊதினார். முத்துவீரன் ஐந்தையும் விட்டான். தோள் இடித்தது, குழல் சூடானது, காலித் தோட்டாக்கள் வலப்பக்கம் தெறித்து அழகையாவின் முழங்கைக்கடியில் போய் விழுந்தன. சத்தம் மட்டும் இல்லை. அழகையாவின் வெடியோடு தன் வெடியும் சேர்ந்து கேட்டிருக்கும் என்றுதான் அவன் நினைத்தான். பின்னால் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த உஸ்தாத்துக்குக் கேட்டதோ ஐந்தே ஐந்து.

இலக்குத் தாளைப் பார்க்கப் போனார்கள். முத்துவீரனின் தாளில், நட்ட நடுவில், ஒரு தேநீர் சாஸர் மூடிவிடும் இடத்துக்குள் ஐந்து ஓட்டை. அழகையாவின் தாள் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. உஸ்தாத் நொடியில் தீர்ப்புச் சொன்னார். அழகையா பதற்றத்தில் பக்கத்துத் தாளைச் சுட்டுவிட்டான், அது எல்லா வருடமும் நடக்கிற கூத்து. முத்துவீரன் பயத்தில் சுடவே இல்லை. "அப்ப என் தோட்டா எங்க உஸ்தாத்? இங்க பாருங்க, காலி பத்து கெடக்கு" என்று முத்துவீரன் அழகையாவின் பக்கத்தைக் காட்டினான். அதைக் காட்டியதுதான் அவன் செய்த தவறு. சுட்ட பிறகு காலித் தோட்டா ஒன்று குறைந்தாலும் படை கலையக் கூடாது என்பது அங்கே சட்டம். கிடைக்கிற வரை எல்லாரும் புல்லில் மண்டியிட்டுத் தேட வேண்டும். முந்தைய வாரம் ஐந்து குறைந்து, அறுபது பேர் இரண்டு நாள் மாடு மேய்கிற மாதிரி புல்லை அலசியும் கிடைக்காமல், உஸ்தாத்தின் மேல் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஐந்து கூடுதலாகத் தரையில் மின்னியதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை முத்துவீரன் சாகும் வரை மறக்கப் போவதில்லை. தொலைந்த ஐந்து கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். காலி தொலைந்தால் உஸ்தாத் தலை உருளும், தோட்டா தொலைந்தால் வாங்கியவன் தலைதான் உருளும். ஆகவே முத்துவீரன் சுடாத ஐந்து தோட்டாவைப் பயத்தில் எங்கோ வீசிவிட்டான் என்று ஆயிற்று. கடைசியாக அழகையாவிடம், "யே பாஞ்ச் தேரா ஹை?" என்று கேட்டார். அந்த ஐந்தும் உன்னுடையதா. அழகையா தாளைப் பார்த்தான், முத்துவீரனைப் பார்த்தான், பிறகு தன் பூட்ஸைப் பார்த்தான். "ஜி, உஸ்தாத்" என்றான்.

அன்று மாலை தமிழரசி சூரை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முத்துவீரன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்து மூலையிலிருந்து ஐந்து வெடி, நிதானமாக, ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டன. குவார்ட்டர்ஸ் மொத்தமும் இருந்த கோலத்தில் தெருவுக்கு ஓடியது. மாடி வீட்டு வங்காளித் தலைமை எழுத்தர் இடுப்பில் துண்டும் கையில் டிவி ரிமோட்டுமாக நின்றார், துண்டும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. யாருக்கும் கீறல் இல்லை, மீன் மட்டும் கருகியது. ஒவ்வொரு வெடிக்கும் இடையில் கேட்ட மூச்சு காலையில் தான் விட்ட மூச்சு என்பது முத்துவீரனுக்குப் புரிந்தது. மறுநாள் கமாண்டன்ட்டிடம் போய், சத்தம் வந்துவிட்டது, நாற்பது குடும்பம் சாட்சி என்று மனு கொடுத்தான். சத்தம் உரிய நேரத்திலும் உரிய இடத்திலும் வராததால் ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. தண்டனையாக ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும், தான் சுட்டு முடித்த தோட்டாக்களை அவன் புரோத்ராபூர் புல்லில் தேடினான். ஆடுகள் அவனுக்குப் பழகிப்போயின. ஆகஸ்டில் அழகையாவின் கையில் பட்டை ஏறியது.

மறு வருடமும் அப்படியே நடந்தது. அதற்கு மறு வருடமும் நடந்ததும் படை ஓர் ஆணை போட்டது. சத்தம் கேளாத சுடுதல் சுடுதலாகக் கொள்ளப்படாது. அதனால் உண்டாகும் ஓட்டை, அருகில் கேட்ட சத்தத்துக்கு உரியது. அந்த நாளிலிருந்து முத்துவீரனுக்கு வலப்பக்கம் படுக்க ஆள் முந்தினார்கள். டீ வாங்கித் தந்தவர்கள் உண்டு, மாமியார் வீட்டுக் கருவாடு கொண்டுவந்தவர்கள் உண்டு. பதினோரு பேர் அப்படிப் பட்டை வாங்கினார்கள். ஒரு வருடம், 2017 என்று நினைவு, வேண்டுமென்றே குறி தப்பிச் சுடுவது என்று சத்தியம் செய்துவிட்டுப் படுத்தான். கை கேட்கவில்லை. ஐந்தும் நடுவிலேயே போய் உட்கார்ந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தன் கையை அவன் பார்த்த பார்வையில், தமிழரசி அரிவாள்மனையை எடுத்து ஒளித்து வைத்தாள்.

சத்தங்களோ இஷ்டத்துக்கு வந்துகொண்டிருந்தன. வங்கியில் வரிசையில் நின்றபோது வந்தன. எல்லாரும் தரையில் படுக்க, ஒரு கிழவி மட்டும் எல்லாரையும் தாண்டிப் போய் முதல் ஆளாக நின்றுகொண்டாள். சென்னைக் கப்பலில் மூன்றாம் நாள், கேன்டீனில் வந்தன. எண்ணூறு பேர் உயிர்காப்பு அங்கியோடு ஒரு பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்தார்கள். கொழுந்தியாள் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் வந்ததால் ஐயர் படுத்தபடி மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை படுத்தபடியே தாலி கட்டினான். அவர்கள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். நாள் போகப் போக ஜனங்களுக்கு இது பழகிவிட்டது. படுப்பார்கள், காதைப் பொத்துவார்கள், ஐந்து எண்ணுவார்கள், எழுந்து மண்ணைத் தட்டுவார்கள். "முத்துவீரன் பக்கத்துல எங்கயோதான் இருக்காப்ல" என்பார்கள்.

அந்த முதல் தாளை அழகையா கண்ணாடிச் சட்டம் போட்டு, பத்துபஸ்தியில் கட்டிய வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்தான். தீபாவளி தோறும் முத்துவீரன் அங்கே சாப்பிடப் போவான், சொந்தம் மாதிரிப் பழகிய வீடு, போகாமல் இருக்க முடியாது. இலையிலிருந்து தலை நிமிர்ந்தால் எதிரே ஐந்து ஓட்டை. வயிறு எரியும். அதே வயிற்றில்தான் அழகையாவின் மனைவி இந்திராணி போட்ட ஆட்டுக்கறியும் இறங்கும். 2019இல், பம்பூஃப்ளாட் படகில், ஒருநாள் கேட்டே விட்டான்.

"அண்ணே, அது என்னோடதுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. நீங்க நேர்ல பாத்தீங்க."

அழகையா கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாத்தேன். இல்லன்னு சொல்லல. இப்ப எழுதிக் குடுத்தா எனக்குப் பட்டை போவும். ஒனக்கு வருமா? ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு ஒருத்தனுக்காவது இருக்கட்டுமேடா." பிறகு அவனே, "ரிட்டயர் ஆவுற அன்னிக்கு, பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்ததும், ஆபீசர் சாப் எல்லாரும் இருக்கையில மைக்குல சொல்றேன். எம் புள்ளைங்க மேல சத்தியம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முத்துவீரன் ஐந்து வருடம் ஓட்டினான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகையா போன பிறகும் அவனுக்கு இரண்டு வருடம் சர்வீஸ் மிச்சம். பட்டையோடு வீட்டுக்குப் போகலாம். தமிழரசி அதை ஏற்கனவே தைத்து, டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். கிண்டலுக்குத் தைத்ததாகத்தான் சொன்னாள்.

2024 ஜூலை கடைசி நாள் பிற்பகல், படை மண்டபத்தில் பிரிவு உபசாரம். அழகையா சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றான். மேடையில் கமாண்டன்ட், கீழே இருநூறு நாற்காலி, கடைசி வரிசையில் முத்துவீரன். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் முடிந்து பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்தது. அழகையா மைக்கைப் பிடித்தான். கண்ணால் கூட்டத்தைத் துழாவி முத்துவீரனைக் கண்டுபிடித்தான். வாயையும் திறந்துவிட்டான். அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான், அதை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் வெடி அப்போது கேட்டது. பிப்ரவரியில் சுட்டது. இருநூறு பேரும் பழகிய ஒழுங்கோடு தரையில் படுத்துக் காதைப் பொத்தினார்கள். கமாண்டன்ட் மேசைக்கடியில் போனார். அழகையா நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வெடிக்கும் இடையில், ஹிந்தியில், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஐந்து ஓட்டையும் முத்துவீரனுடையது, பத்துக் காலியையும் என் கண்ணால் எண்ணினேன், பதின்மூன்று வருடமாக என் கையில் இருந்தது அவன் பட்டை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மண்டபத்தில் நின்றவர்கள் இரண்டே பேர், கேட்டவன் ஒருவன்.

ஐந்து எண்ணி முடித்துக் கூட்டம் எழுந்தது. கமாண்டன்ட் முழங்காலைத் தட்டிவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "க்யா கஹா ஆப்னே?" என்று கேட்டார். என்ன சொன்னீர்கள். அழகையா மறுபடியும் முத்துவீரனைப் பார்த்தான். முத்துவீரன் அசையாமல் நின்றான், தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினான், சொல்லுங்கண்ணே என்கிற மாதிரி. முன்வரிசையில் இந்திராணியும் பிள்ளைகளும் புடவையிலும் சட்டையிலும் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகையா முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சப்கோ தன்யவாத் போலா, சார்" என்றான். எல்லாருக்கும் நன்றி சொன்னேன்.

நல்ல மனுஷன், கண்கலங்கி நன்றி சொல்கிறார் என்று மண்டபமே கைதட்டியது. சமோசாத் தட்டுகள் உள்ளே வரத் தொடங்கின. முத்துவீரனும் தட்டினான். அவன் தட்டிய சத்தம் அப்போதே, அங்கேயே, எல்லாருக்கும் கேட்டது.