தலைகீழாய்த் தொங்கிய கழுகு

தங்கக் காசைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று குமுளி ஏலக்காய் வியாபாரி சுருளிவேல் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும், கூடவே வயிற்றெரிச்சலும்.

ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்ப்பவர். முன்பக்கம் ஒரு பெண் தலையும் பின்பக்கம் கழுகும் போட்டு, கழுகின் காலடியில் அச்சடித்த சாலையின் குறியாகப் பொடியாக ‘டி’ எழுத்துள்ள காசு கிடைத்தால் கேட்ட விலை என்று சொல்லிவிட்டுச் சீமைக்குப் போயிருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஊர் திரும்பிய செபாஸ்டினிடம் அப்படியொன்று அகப்பட்டது. சுருளிவேல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், எழுத்து இருந்தது. மனைவி வேலுத்தாயின் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றிக் கொடுத்து வாங்கிவிட்டார்.

"தொர வரட்டும், இதவிடக் கனமா நாலு போடுறேன்."

துரை வருவதற்குள் போடியில் அவள் தம்பி கல்யாணம் வந்துவிட்டது. "வெறுங்கையோட எப்படிங்க போயி நிக்கிறது?" என்று அவள் கண் கலங்கினாள். உடனே மேதைக்கு யோசனை பிறந்தது. கை வெறுமையானால் என்ன, கழுத்தில் காசு தொங்கட்டுமே!

நகை ஆசாரியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சுருளிவேல் வேலை வாங்கினார். "வளையத்த உச்சியில வைங்க. அந்தம்மா தல நிமிந்து நிக்கணும்."

"பின்னால பறவ தலகீழா வருதுங்களே?"

"அமெரிக்காக்காரன் அப்படித்தான் அடிப்பான். காசு கழண்டு விழாம பட்டைய நல்லா அகலமா வைங்க. அதயும் பின்பக்கம் வைங்க, முகத்த மறச்சிராதீங்க." எவ்வளவு ஞானம்!

கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் வேலுத்தாய் கழுத்தில்தான். காசில் இருப்பது அமெரிக்கா மகாராணி என்று சுருளிவேல் பந்தி பந்தியாகப் போய் விளக்கினார்.

துரை திரும்பி வந்தார். காசை வாங்கியதும் முகம் மலர்ந்தது. திருப்பினார். கழுகின் காலடியில் எழுத்து இருந்த இடத்தில் ஆசாரியின் பட்டை உருகிப் பிடித்திருந்தது.

"வளையத்த வெட்டிரலாம் தொர..."

"எழுத்து வருமா? இனி இது வெறும் தங்கம்." துரைக்குக் கண்ணில் நீரே நிறைந்துவிட்டது.

சுருளிவேல் வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். கட்டியவளின் வெறுங்கையைப் பார்க்க அவருக்கு அவமானமாக இருந்தது. வேலுத்தாய் காசை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அகலமா வைக்கச் சொன்னது ஆசாரியா?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

இன்றும் கடைக்கு வருகிறவர்கள் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசு என்ன பெறும் மொதலாளி?" என்று கேட்பார்கள்.

சுருளிவேல் அவள் கையிலிருக்கும் கண்ணாடி வளையல்களைப் பார்ப்பார். "ரெண்டு வளையல்" என்பார்.